குடும்ப அட்டையில் ஊதாச் சீல்

ஆவணி 5, திங்கள்

சங்கக்கடை அருளையா காலையில் வந்தான். காதில் பென்சில், கையில் ஊர்க் குடும்பங்களின் பேர்ப்பட்டியல். கூப்பன் அரிசி நிறுத்துத் தந்த காலத்தில் எப்படிச் சிரித்தானோ அதே சிரிப்பு. இப்போது அவன் இயக்கத்துக்கு எழுத்து வேலை செய்கிறான். தோளில் துவக்கோடு ஒருவன் வாசல் படலையடியில் நின்றான்.

வீட்டுக்கு இரண்டு பவுண் தங்கம் கொடுக்க வேண்டுமாம். நாடு கிடைத்தபிறகு திருப்பித் தருவார்களாம்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாத மாதிரிக் கேக்கிறியள் அன்னமக்கா. சண்டைக்குத்தான். வெறுங்கையோட நிண்டு அடிக்கேலுமே?"

"நான் தரமாட்டன்."

"இல்லை எண்டு சொல்லுறியளோ, மாட்டன் எண்டு சொல்லுறியளோ?"

"பெட்டியில தாலிக்கொடி கிடக்கு. அவர் செத்த அண்டைக்குக் கழட்டினது. இருக்கு, ஆனால் தரமாட்டன். சுடுறதுக்கு எண்டு கேட்டு ஆர் வந்தாலும் இல்லை. ஆமிக்காரன் வந்து கேட்டாலும் இல்லை."

"ஆமிக்காரன் கேக்கமாட்டான் அக்கா. அவனுக்கு எடுக்கத் தெரியும்."

படலையில் நின்றவன் சிரித்தான். அருளையா பட்டியலில் என் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டான். என்ன எழுதுகிறாய், காட்டு என்று வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் மறித்துவிட்டார்கள் என்றாலும், வாசித்துப் பார்க்காத தாளில் என் பேரை யாரும் எழுத விட்டதில்லை. ‘மறுப்பு’ என்று எழுதியிருந்தான். எழுத்து வடிவாக இருந்தது. சரி என்று திருப்பிக் கொடுத்தேன்.

மகள் திலகவதி குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். சட்டியைச் சத்தமாக வைத்தாள்.

ஆவணி 6, செவ்வாய்

சவர்க்காரம் கண்டு இரண்டு மாதம். பனம்பழம் பிசைந்து அந்தச் சாறில் துணி தோய்த்தேன். பேத்தி சுகந்தினியின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாததால் அவளுக்கு அது கவலையில்லை. இந்தக் கொப்பியும் அவளுடையதுதான். கணக்குக்கு வாங்கியது, சும்மா கிடந்தது.

பக்கத்து வளவுப் பூமணி வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள்.

"நீ மாட்டன் எண்டிட்டியாம்?"

"ஓம்."

"அருளையா இப்ப என்னட்டை வந்தவன். அன்னம் குடுக்கேல்லை, நானும் குடுக்கன் எண்டு சொல்லிப்போட்டன். எழுது எண்டன். எழுதினான்."

"நீ ஏனடி என்னைப் பார்த்து ஆடுறாய்?"

"உன்னைப் பார்த்து ஆடேல்லை. நீ முதல் சொல்லிப்போட்டாய், அவ்வளவுதான்."

இந்த ஊரில் முந்நூறு வீடு. மறுப்பு என்று இரண்டு பேருக்கு நேரேதான் எழுதியிருக்கிறதாம். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

ஆவணி 8, வியாழன்

பின்னேரம் ஆமிக்காரன் ஷெல் அடித்தான். மாமரத்தடியில் ஒன்று விழுந்தது. சுகந்தினிப் பிள்ளைக்குத் துண்டு கண்ணில் பட்டுவிட்டது.

ஆவணி 9, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில் விடிய விடியக் காத்திருந்தோம். எட்டு வயதுப் பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்து, "அம்மம்மா, உங்கட சீலையில ரத்தம்" என்றாள். அவளுடைய இரத்தம்தான்.

டொக்டர் வயது போன மனிதர். உட்காரக்கூட நேரமில்லாமல் நின்றபடியே சொன்னார்.

"இடது கண் முடிஞ்சுதம்மா. துண்டு உள்ளுக்குப் போட்டுது. இனி அதில பார்வை வராது."

திலகவதி சுவரில் சாய்ந்தாள்.

"அழ நேரமில்லைப் பிள்ளை, கேளும். பழுதான கண்ணை உள்ளுக்கு விட்டுவைச்சால் நல்ல கண்ணும் அதோட சேர்ந்து போகலாம். சில பேருக்கு அப்பிடி வாறது. ரெண்டு கிழமைக்குள்ள எடுத்துப்போட வேணும். இஞ்ச கண் வெட்டுற டொக்டர் இல்லை. கொழும்புக்குக் கொண்டுபோங்கோ."

"எப்பிடி ஐயா போறது?"

"இயக்கத்திட்டைப் பாஸ் எடுத்துத்தான். கடிதம் தாறன்."

கடிதத்தை எழுதிக் கொடுத்தார். மருமகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். போய்ச் சேர்ந்தால் அவன் பார்த்துக்கொள்வான். போய்ச் சேர வேண்டும்.

இரண்டு கிழமை என்றால் இருபத்திரண்டாம் திகதி.

ஆவணி 11, ஞாயிறு

பாஸ் கொடுக்கும் இடம், வெளிநாடு போனவர்களுடைய ஒரு மாடி வீடு. வாசலில் வரிசை. திலகவதி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் குடை பிடித்தேன்.

உள்ளே மேசையில் அருளையா. எங்களைக் கண்டதும் எழும்பி நின்றான். கடிதத்தை வாசித்தான், பிள்ளையின் கண்கட்டைப் பார்த்தான், முகம் மாறியது. அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பிறகு குடும்ப அட்டையைக் கேட்டான். விரித்துப் பார்த்துவிட்டு மூடினான்.

"அக்கா, பவுண் சீல் இல்லை."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சீல் இல்லாத அட்டைக்குப் பாஸ் இல்லை. நான் போட்ட சட்டம் இல்லை. என்ர அம்மா வந்து நிண்டாலும் இதுதான்."

திலகவதி என்னைப் பார்த்தாள். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.

அருளையா குரலைத் தாழ்த்தினான். "இந்தப் பிள்ளையின்ர கண்ணில குத்தினது ஆற்றை ஷெல்? எங்கடையோ? அதை மறிக்கத்தானே அக்கா கேக்கிறம்."

"என்ர பவுண் போய் அங்கால ஒரு பிள்ளையின்ர கண்ணில ஏறும் தம்பி."

"அங்கால பிள்ளையளை நீங்கள் யோசிக்கிறியள். உங்கட பிள்ளையை அவை யோசிச்சவையோ?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதற்குப் பதில் தேடினேன். என்னிடம் பதில் இல்லை என்பதால் அவன் சொன்னது சரியாகிவிடாது. ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு என் சரியும் பிழையும் தெரியாது.

ஆவணி 12, திங்கள்

திலகவதி இன்று வாயைத் திறந்தாள்.

"அம்மா, உங்களுக்கு வீம்பு. வேற ஒண்டுமில்லை. அண்டைக்கு அருளையாவுக்கு முன்னால ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டியள். இப்ப ஊர் பாத்துக்கொண்டிருக்கு. அதை விழுங்க ஏலாமல் கிடக்கு."

"வீம்பு இல்லையடி."

"அப்ப என்ன? சொல்லுங்கோ. நாளைக்கு இவள் தடி ஊண்டி நடக்கேக்க நான் என்ன சொல்லுறது? அம்மம்மா நல்லவ, அதால உனக்குக் கண் தெரியாது எண்டோ?"

கொடி என்னுடையது. பெட்டித் திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. அவள் அதைப் பறிக்கலாம். பறிக்கவில்லை. என் பிள்ளை அப்படிப்பட்டவள். பறித்திருந்தால் எனக்கு எவ்வளவு நல்லது.

பகலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏன் முன்னமே வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அருளையாவிடம் போனேன்.

"ரெண்டு பவுண் தாறன். மூண்டெண்டாலும் தாறன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு. பஞ்சு வாங்கட்டும், மருந்து வாங்கட்டும். காயப்பட்டு வாறவன் ஆர் எண்டும் நான் கேக்கமாட்டன், உங்கட ஆளோ ஆமியோ. கட்டுப்போடக் கூப்பிட்டால் நானே வந்து நிக்கிறன். அதுக்கு ஒரு சீல் குத்து."

அவன் என்னை உட்காரச் சொன்னான். தேத்தண்ணி தந்தான், சீனி இல்லாமல். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். நல்ல மாதிரியாகத்தான் சொன்னான்.

ஆவணி 13, செவ்வாய்

பதில் வரவில்லை. இரண்டு தரம் போனேன். முருங்கையிலைச் சுண்டல், ஒடியற்கூழ். பிள்ளைக்கு மட்டும் முட்டை.

ஆவணி 14, புதன்

பதில் வந்தது. அருளையாவே வீட்டுக்கு வந்து சொன்னான்.

"கேட்டனான் அக்கா. எல்லாரும் குடுக்கிறது ஒரே பெட்டிக்குத்தான் போகுமாம். அதில இருந்து எது மருந்துக்கு, எது வெடிக்கு எண்டு தீர்மானிக்கிறது குடுக்கிற ஆள் இல்லையாம். உங்களுக்கு விட்டால் நாளைக்கு முந்நூறு வீடும் ஆஸ்பத்திரிக்குத்தான் குடுப்பம் எண்டு சொல்லும் எண்டினம்."

"சொல்லட்டுமேன். அப்ப எல்லாருக்கும் விருப்பம் அதுதான் எண்டு தெரியுமே."

அவன் நெற்றியைத் துடைத்தான். "என்னை ஏனக்கா மாட்டுறியள்."

அவன் போனபின் நெடுநேரம் நெல் புடைத்தேன். புடைக்க வேண்டிய நெல் இல்லை, புடைத்த நெல்லைத்தான் மறுபடி புடைத்தேன்.

திலகவதி வீம்பு என்றது சரியில்லை. காரணத்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இதில் எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஊரில் இயக்கங்கள் நாலைந்து இருந்தன. இப்போதுள்ளவர்கள் அல்ல, இப்போது இல்லாமற்போன வேறோர் இயக்கத்துப் பெடியள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். ஒருநாள், அவர்கள் கேட்காமலே, என் இரண்டு காப்பையும் கழற்றிக் கொடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கோயிலடியிலும் கிணற்றடியிலும் நானே சொல்லிச் சொல்லித் திரிந்தேன். இரண்டு கிழமையில் ஒரு துவாய்த் துணியை விரித்துக் காட்டினார்கள். கைத்துவக்கு. "ஆச்சி, இதுதான் உங்கட காப்பு" என்றான் ஒருவன். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. வடிவாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த வைகாசியில் இயக்கங்கள் தங்களுக்குள் அடிபட்டன. பூமணியின் ஒரே மகன் சிவனேசன் இவர்களோடு அடிபட்ட மற்ற இயக்கத்தில் இருந்தவன். வாசிகசாலைக்குப் பின்னால் வைத்து இவர்கள் சுட்டார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்ட பெடியள்தான்.

எந்தத் துவக்கு என்று யாருக்குத் தெரியும். அவர்களிடம் பல இருந்திருக்கும். செத்தவீட்டில் மூன்று நாளும் நான்தான் சமைத்தேன். பூமணிக்குக் காப்புச் சங்கதி தெரியாது. அப்போது அவள் வன்னியில் தம்பி வீட்டில் நின்றாள், மகன் செத்தது கேட்டுத்தான் வந்தாள்.

இதற்குமேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

ஆவணி 15, வியாழன்

பிள்ளை முற்றத்தில் நின்றாள். நல்ல கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி, கிணற்றடிக்கு நடந்தாள். துணிக்கல்லில் முழங்கால் இடித்தது. திரும்பி வாசலுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து நடந்தாள். இந்தத் தரம் கல்லைச் சுற்றிப் போனாள்.

"என்ன விளையாட்டுப் பிள்ளை இது?"

"விளையாட்டு இல்லை அம்மம்மா. பழகிறன். கிணத்தடி முப்பத்தொரு எட்டு. அடுப்படி பதினாலு."

"ஆர் உன்னைப் பழகச் சொன்னது?"

"ஒருத்தருமில்லை. இந்தக் கண்ணுக்கும் வெயில் கூசுது. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, அழுவா."

ஆவணி 16, வெள்ளி

சாம்பல் கோழி முட்டை இட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. பகல் வெயில் கடுமை.

குடும்ப அட்டையில் சீல் குத்தியாயிற்று. ஊதா மை. காயுமுன் மடித்ததால் பெருவிரலில் பிடித்துவிட்டது. பனம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆவணி 18, ஞாயிறு

நாளை பயணம். போகிறவர்களுக்கு இங்கே ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். நான்தான் பிணை. அருளையா தாளை நீட்டினான். கையெழுத்து வைத்தேன்.

"வாசிக்கேல்லையே அக்கா?" என்றான்.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். நான் கண்ணாடி போடுவதில்லை.

ஆவணி 19, திங்கள்

விடியற்காலை வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். கடலேரிக் கரை வரைக்கும் வான், பிறகு வள்ளம், பிறகு பஸ். திலகவதி என் கையைப் பிடித்து, அந்த ஊதா விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, "அம்மா" என்றாள். பிள்ளை எனக்குக் கை காட்டினாள். நான் நின்ற பக்கம் அல்ல, கொஞ்சம் தள்ளி.

வீடு வெறுமையாகக் கிடக்கிறது. உலை வைக்கவில்லை.

கொடியை வெட்டியது பற்றி எழுதவேண்டும். பாஸ் கொடுக்கும் அந்த வீட்டில் பின்னறையில் நகை செய்யும் பத்தர் ஒருவர் தராசோடு இருக்கிறார். முழுக்கொடியையும் கொடுங்கள், மிச்சத்தை வெட்டித் தருகிறேன் என்றார். வெட்டும் குறட்டை வைக்குமுன் கொடியைக் கண்ணில் ஒற்றினார். "தாலிக்கொடியம்மா. என்ர தொழிலில இதை வெட்டினது இந்த வருசம்தான்" என்றார். அவருடைய குறடு சின்னச் சத்தம்தான் போட்டது. எனக்கு வேறு ஒரு சத்தமாகக் கேட்டது. தாலி கட்டியவருக்குச் செய்த பிழை என்று அவர் நினைத்திருப்பார். அது இல்லை.

ஆவணி 20, செவ்வாய்

பத்து மணிபோல் ஒலிபெருக்கி கட்டிய வான் ஒழுங்கைக்குள் வந்தது. பாட்டுக்கு நடுவில் பேர் வாசித்தார்கள்.

"அன்னப்பிள்ளை அம்மா, வயது அறுபத்தெட்டு. ஷெல்லடியில் பேத்தி காயப்பட்ட நிலையிலும், தானாகவே முன்வந்து, தன் தாலிக்கொடியை…"

எங்கள் வீட்டடியில் நிறுத்தி இரண்டாம் தரமும் வாசித்தார்கள். முன்வீட்டுக் கிழவன் படலைக்கு வந்து என்னைக் கும்பிட்டான். பல்லில்லாத வாயால், "வீரத்தாய்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

பின்னேரம் பார்த்தபோது வேலிப் பொட்டை அந்தப் பக்கத்திலிருந்து ஓலை வைத்துக் கட்டியிருந்தது. புதுக் கயிறு, இறுக்கமான முடிச்சு.

ஆவணி 23, வெள்ளி

பூமணி என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். அவள் ஆடு மட்டும் கத்தியது.

ஆவணி 26, திங்கள்

கொழும்பிலிருந்து சாமான் ஏற்றி வருகிற ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். இருபத்தோராம் திகதி கண்ணை எடுத்துவிட்டார்களாம். நல்ல கண்ணில் அழற்சி தொடங்கியிருந்ததாம், மருந்து விட்டு மறித்துவிட்டார்களாம். பார்வை தப்பும் என்று டொக்டர் சொன்னாராம். இன்னும் நாலு நாள் பிந்தியிருந்தால் கையை விரித்திருப்பாராம்.

அடியில் பெரிய எழுத்தில் பிள்ளை தானே எழுதியிருக்கிறாள். ‘அம்மம்மா நான் இதை எழுதுகிறேன் எனக்குத் தெரிகிறது.’

சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும்.

ஆவணி 27, செவ்வாய்

அருளையாவிடம் பேப்பர் வாங்கிப் பார்த்தேன். எல்லைப்பக்கத்துச் சிங்கள ஊர் ஒன்றில் வெடி வைத்து ஒரு பஸ் சிதறிப்போய்விட்டதாம். செத்தவர்களின் தொகை போட்டிருந்தது, பேர்கள் இல்லை. பேர் போட்டாலும் நமக்கு வாயில் வராத பேர்கள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று கடைசி வரியில்.

என்னுடைய பவுண் போய்ப் பதினொரு நாள்தான் ஆகிறது. அதற்குள் அது எங்கே போயிருக்கப்போகிறது என்று விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். பிறகு, எண்ணுகிறேனே என்று நிறுத்தினேன்.

ஆவணி 31, சனி

பூமணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் வந்தார்கள். வேலிக்கு மேலால் பார்த்தேன். அவள் சீலையை உதறிக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக் கொழுவிக்கொண்டு போனாள். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. பவுண் தரும்வரைக்கும் வைத்திருப்பார்களாம். ஊரில் இனி மறுப்பு என்று ஒரே ஒரு பேர்தான்.

அவளிடம் இரண்டு பவுண் உண்டு. சிவனேசனின் சங்கிலி.

புரட்டாதி 1, ஞாயிறு

அருளையா வந்து விறாந்தையில் குந்தினான்.

"அன்னமக்கா, ஒரு உதவி. பூமணியக்காவோட ஒருக்காக் கதையுங்கோ. அவ சொல்லுறா, அன்னம் மாட்டன் எண்டு சொல்லித்தான் நானும் சொன்னனான் எண்டு. இப்ப நீங்கள் குடுத்திட்டியள்தானே. நீங்கள் போய்ச் சொன்னால் இளகுவா."

"என்னெண்டு சொல்லுறது?"

"நான் குடுத்திட்டன், நீயும் குடு எண்டு. அவ்வளவுதான். வருத்தக்காரி அக்கா, மூச்சிழுப்பு இருக்கு. அங்க நிலத்தில படுக்கிறா. எனக்கும் பாக்க ஏலாமல் கிடக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய ஆட்டை அவிழ்த்து என் பக்கம் கட்டியிருக்கிறேன்.

புரட்டாதி 4, புதன்

போனேன். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கட்டிக்கொண்டு போனேன்.

அவளை மறித்து வைத்திருந்ததும் யாரோ விட்டுப்போன வீடுதான். சாமியறையாக இருந்த அறை. சுவரில் படங்கள் கொழுவிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பூமணி பாயில் இருந்தாள். அருளையா கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றான்.

"என்னைச் சரிக்கட்ட அனுப்பினவங்களோ?" என்றாள். மூச்சு வாங்கியது.

"ஓம்."

"சொல்லு, கேப்பம்."

"முதல் தின்."

தின்றாள். கறி உப்புக் குறைவு என்றாள். பிள்ளைக்கு எப்படி என்று கேட்டாள். பார்வை தப்பிவிட்டது, அவளே கடிதம் எழுதியிருக்கிறாள் என்றேன். பூமணி இன்னொரு பிடி புட்டு எடுத்தாள்.

"அப்ப நீ செய்தது சரிதான்."

"பிறகேன் பொட்டை அடைச்சனீ?"

"கோவத்தில அடைச்சன். வானில உன்ர பேரை வாசிச்சவங்கள். காது பொறுக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரமே அவிழ்ப்பம் எண்டு நினைச்சன், முடிச்சு இறுகிப்போச்சு."

சிரித்தாள், அது இருமலாகப் போய்விட்டது. முதுகைத் தடவினேன். எலும்புதான் கையில் பட்டது.

"பூமணி, நீ குடுத்திட்டு வீட்டை வா. உனக்கு ஏலாது."

"உனக்குக் காப்பாத்த ஒரு கண் இருந்தது, குடுத்தாய். எனக்கு என்ன இருக்கு? ஒண்டுமில்லாத ஆளுக்கு மாட்டன் எண்டு சொல்லுறது லேசு அன்னம். இந்த ஊரில என்னை மாதிரி லேசாச் சொல்லக்கூடிய ஆள் வேற இல்லை. அப்ப நான்தானே சொல்லவேணும்?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சொன்னேன். காப்பு, துவாய், தொட்டுப் பார்த்தது, வடிவாக இருக்கிறது என்று சொன்னது, எல்லாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் விரலிலிருந்த புட்டைக் கோப்பையில் உதறினாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வன்னியால வந்திறங்கின அண்டைக்கே முன்வீட்டுப் பொன்னுக்கிளி சொன்னவள். நீதானே கிணத்தடியில நிண்டு ஊருக்கெல்லாம் சொன்னனீ."

"நான் உன்ர வீட்டில மூண்டு நாள் சமைச்சனான்."

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான் திண்டன்."

"பிறகேன் அஞ்சு வருசமா என்னோட கதைச்சனீ?"

"வேற ஆரோட கதைக்கிறது? வேலிக்கு அங்கால நீதானே இருந்தனீ."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால், என்னை அடித்திருந்தால், ஏதாவது செய்திருக்கலாம். அவள் கையைக் கழுவத் தண்ணி கேட்டாள். ஊற்றினேன்.

"ஒரு முறை மன்னிப்பம் எண்டு நினைச்சனான்," என்றாள். "நீ அருளையாவுக்கு மாட்டன் எண்டு சொன்ன அண்டைக்கு. அதுக்குத்தான் பொட்டுக்குள்ளால வந்தனான். இப்ப அது எந்த இடத்தில நிக்குது எண்டு எனக்கே தெரியேல்லை. கரைச்சல் படுத்தாதை."

வெளியே வந்தேன். அருளையா, "என்னக்கா, இளகினாவோ?" என்றான்.

"இன்னும் இல்லை. நாளைக்கும் வந்து கதைக்கவேணும்."

"வாங்கோ, வாங்கோ. பத்து நாளெண்டாலும் வாங்கோ."

புரட்டாதி 5, வியாழன்

பூமணிக்குக் கஞ்சியும் துளசித் தண்ணியும். "இன்னும் இல்லை" என்று அருளையாவிடம் சொன்னேன்.

புரட்டாதி 6, வெள்ளி

சோறு, பருப்பு, என் தலையணை. இன்னும் இல்லை.

புரட்டாதி 8, ஞாயிறு

இழுப்பு மோசம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அருளையாவிடம் கெஞ்சினேன். பவுண் வந்தால் இந்த நிமிடமே வீட்டுக்குப் போகலாம் என்றான். என் பெட்டியில் மிச்சக் கொடி இருக்கிறதே, அவளுக்காக நான் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "தாராளமா" என்றான். உள்ளே போய் அவளிடம் சொன்னேன்.

"என்ர பேரில நீ குடுத்தால், செத்தாலும் உன்ர முகத்தில முழிக்கன்" என்றாள். இந்த ஐந்து வருடத்தில் அவள் என்னைச் சத்தம் போட்டுப் பேசியது இதுதான் முதல் தரம்.

திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புரட்டாதி 11, புதன்

பூமணி திங்கட்கிழமை விடியற்காலை போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிற வழியிலாம். நேற்று எரித்தோம். கொள்ளி வைக்க அவள் தம்பி வன்னியிலிருந்து வர முடியவில்லை. பாஸ் இல்லை. தூரத்து மச்சான் ஒருவர் வைத்தார். வந்தவர்களுக்கு நான் சமைத்தேன்.

இன்று மண்ணெண்ணெய் பங்கிடுகிற நாள். குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போனேன். அருளையா அங்கேதான் நின்றான். வரிசையை விலக்கி, "வீரத்தாயை முன்னால விடுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். பகிடியோ உண்மையோ தெரியாது.

அட்டையை மேசையில் வைத்தேன்.

"அருளையா, அட்டையில குத்தின இந்தச் சீலை அழிக்க ஏலுமோ?"

"அழிக்கிறதோ? அக்கா, அது அழியாத மை. அது இருக்கிறது உங்களுக்கு நல்லதுதானே. இல்லாட்டில் அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, ஒண்டும் இல்லை."

"பட்டியலில என்ர பேரைத் திருப்பி மாத்தேலுமோ? மறுப்பு எண்டு?"

"குடுத்தாப்பிறகு என்னெண்டக்கா மாத்துறது? குடுத்தது குடுத்ததுதானே."

அவன் சொன்னது சரி. கொடுத்தது கொடுத்ததுதான். அன்றைக்கு மாதிரிப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தொரு எட்டு நடக்க, யாராவது என்னைக் கேட்டால் மறுபடியும் கொடுப்பேன். அதையும் இதில் எழுதித்தான் வைக்க வேண்டும். ஆனால் இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். பட்டினி கிடந்தால் என் வயிறு மட்டும்தான் கிடக்கும். மாட்டேன் என்று சொல்வது இனி எனக்கும் லேசு.

வெறும் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வேப்பமரம் தாண்டியதும் அருளையா பின்னால் ஓடி வந்தான். காதிலிருந்த பென்சில் விழுந்துவிட்டது.

"அன்னமக்கா! அட்டையை மேசையில மறந்திட்டுப் போறியள்!"

"மறக்கேல்லைத் தம்பி," என்றேன். "வைச்சிட்டுப் போறன்."